பழைய காரின் உள்பக்கத்தை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருக்கிறவர்களும், ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு இது தொழில் இல்லை. சொந்த வண்டிகள் இரண்டின் உள்பக்கத்தை நானே பிரித்துப் போட்டு, பாதியில் முழி பிதுங்கி, அப்புறம் ஒருவழியாக மாட்டி முடித்தவன், அவ்வளவுதான்.

எதில் கை வைத்து ஆரம்பிப்பது? சீட்டிலா, கார்பெட்டிலா?

இரண்டிலும் இல்லை, தண்ணீரில் ஆரம்பியுங்கள். பழைய காரின் உள்பக்கம் கெட்டுப்போவதற்கு வெயில் ஒரு காரணம், தண்ணீர் இன்னொன்று. வெயிலை ஓரளவு மறைக்கலாம், தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் புதுக் கார்பெட் போட்டால் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் சணல் மெத்தையை விரலால் அமுக்கிப் பாருங்கள். மேலே கை பட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அமுக்கினால் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் கசியும். அந்த முடை நாற்றம் வந்தாலே விஷயம் புரிந்துவிடும்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பைப் பிடிக்க வேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் கொண்டு போங்கள்: முதலில் கதவின் அடிப்பகுதி, அப்புறம் கண்ணாடி ரப்பர், கடைசியில் கூரை. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வழியும், எது ஓட்டை என்று தெரியாது. பெரும்பாலும் குற்றவாளி முன் கண்ணாடி ரப்பராகவோ, வைப்பர் பக்கம் காற்று உள்ளே போகும் பெட்டியில் இலை தழை அடைத்துக்கொண்ட வடிகாலாகவோ இருக்கும்.

சரி, தண்ணீரை அடைத்தாயிற்று. அப்புறம் எந்த வரிசை?

தரையில் துரு இருந்தால் டிங்கரிங் வேலை முதலில். வெல்டிங் பொறி புது ரெக்சின் மேல் விழுந்தால் அழுகைதான் வரும். அடுத்து வயரிங், ஏனென்றால் உள்பக்கம் முழுக்கக் கழன்று கிடக்கும் ஒரே சமயம் இதுதான். பின்னால் ஸ்பீக்கர் வயர் இழுக்க வேண்டுமே என்று நினைவு வந்தால் பாதியைத் திரும்பக் கழற்ற வேண்டும், நான் கழற்றியிருக்கிறேன். அப்புறம் சத்தம் குறைக்கும் தார் ஷீட், ரூஃப் லைனிங், கூரையைத் தாங்கும் தூண்களின் மேல் வரும் துணி, கார்பெட், டோர் பேனல், கடைசியில் சீட். மேலிருந்து கீழே என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ரூஃப் லைனிங் பசை கீழே சொட்டும்போது அங்கே புதுக் கார்பெட் இருக்கக் கூடாது.

தார் ஷீட்டைத் தரை முழுக்க, கூரை முழுக்க ஒட்டித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. தகரம் அதிர்வதைத் தடுப்பதுதான் அதன் வேலை, ஒவ்வொரு தகரத்தின் நடுப்பகுதியிலும் கால்வாசி இடத்தை மூடினாலே பெரிய வித்தியாசம் தெரியும். மீதி எல்லாம் வண்டிக்கு எடைதான்.

எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டாம். இங்கேதான் எனக்கும் பல நண்பர்களுக்கும் சண்டை வரும். தேய்ந்தது வேறு, கெட்டது வேறு. தோல் சீட்டில் மெல்லிய சுருக்கமும் டிரைவர் பக்கத்து விளிம்பில் நிறம் மங்கியதும் தேய்மானம், அது அந்த வண்டியின் வயசு. தையல் விட்டு உள்ளே ஸ்பாஞ்ச் தெரிந்தால் அது கேடு. கம்பெனி போட்ட ஒரிஜினல் உள்பக்கம் ஓரளவு நன்றாக இருக்கும் காருக்கு, சேகரிப்பவர்களிடம் புதிதாக எல்லாம் மாற்றிய காரைவிட மதிப்பு அதிகம் கிடைப்பது உண்டு. ஒருமுறை கழற்றிவிட்டால் ஒரிஜினல் திரும்ப வராது. அதனால் முதலில் சுத்தம் செய்யுங்கள், ஒரு வாரம் அப்படியே பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். பாதி பட்டியல் தானாகவே குறைந்துவிடும்.

ஆனால் ஒன்று. ஒரு சீட்டை மட்டும் புதிதாகத் தைத்தால் மற்ற மூன்றும் அழுக்காகத் தெரியும். மாற்றினால் ஜோடியாக, முன்னிரண்டும் சேர்த்து மாற்றுங்கள்.

கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி கழலவே மாட்டேன் என்கிறது. திருகு எதையும் காணோம்?

திருகு இல்லாத கைப்பிடியில் பெரும்பாலும் பின்பக்கம் குதிரை லாட வடிவில் ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். அதைப் பார்க்க முடியாது, கைப்பிடிக்கும் டோர் பேனலுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். ஒரு பழைய பருத்தித் துணியை அந்த இடுக்கில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்கள், கொஞ்சம் மேல்நோக்கிய அழுத்தத்தோடு. துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், கிளிப் பறந்து எங்கேயோ போய்விடும். அதனால் முதலிலேயே வண்டியின் மற்றக் கதவுகளை மூடிவிட்டு, மடியில் ஒரு பெரிய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். என் முதல் கிளிப் இன்னும் கிடைக்கவில்லை.

பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் கிளிப்புக்குப் பதில் குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கும். கைப்பிடியைச் சுற்றியுள்ள வளையத்தை உள்ளே அமுக்கினால் ஊசி தெரியும், மெல்லிய ஆணியால் தட்டி எடுக்கலாம். இன்னும் சிலவற்றில் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கிளப்பினால் திருகு இருக்கும். எதுவாக இருந்தாலும் கழற்றுவதற்கு முன், கண்ணாடி முழுக்க ஏறியிருக்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் நின்றது என்று ஒரு போட்டோ எடுங்கள். திரும்ப மாட்டும்போது முழங்காலில் இடிக்கிற மாதிரி மாட்டிவிட்டு எல்லோரும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

டோர் பேனலை இழுத்தால் கிளிப்போடு அட்டையும் கிழிந்து வருகிறதே?

நடுவில் பிடித்து இழுக்கிறீர்கள். பேனல் கழற்றும் அகலமான பிளாஸ்டிக் நெம்புகோலை ஒவ்வொரு கிளிப்புக்கும் நேர் அடியில் நுழைத்து, கிளிப்பின் கழுத்தை ஒட்டி நெம்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் பெயின்டும் போகும், அட்டையும் போகும். பிளாஸ்டிக் பாகங்களாக இருந்தால் முதலில் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள், நாற்பது ஐம்பது வருஷத்துப் பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது பிஸ்கட் மாதிரி உடையும்.

அட்டை ஏற்கெனவே ஊறி உப்பிப் போயிருந்தால் பசை போட்டு நேராக்கப் பார்க்காதீர்கள், நேராகாது. அதே கனத்தில் எண்ணெயில் பதப்படுத்திய ஹார்ட்போர்டோ, தண்ணீர் தாங்கும் மெல்லிய பிளைவுட்டோ எடுத்து, பழையதை மேலே வைத்து வரைந்து வெட்டுங்கள். கனம் முக்கியம். கூடிவிட்டால் கைப்பிடியின் தண்டு வெளியே எட்டாது, கிளிப்பும் ஓட்டையில் உட்காராது. புது அட்டையின் விளிம்பிலும் பின்பக்கத்திலும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.

டோர் பேனலுக்குப் பின்னால் கிழிந்த பாலித்தீன் தாள் ஒன்று இருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிகிற மழைத்தண்ணீரில் கொஞ்சம் கதவுக்குள் போகத்தான் செய்யும், வடிவமைப்பே அப்படித்தான். உள்ளே போன தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் தண்ணீர் உள்தகரத்தின் ஓட்டைகள் வழியாக டோர் பேனல் அட்டையில் படும், அட்டை ஊறும், பூஞ்சை பிடிக்கும், கிளிப் ஓட்டைகள் பெரிதாகி பேனல் தொங்கும். முதல் கேள்வியில் சொன்ன ஊறிய கார்பெட்டுக்கும் சில சமயம் இதுதான் காரணம்.

கனமான பாலித்தீன் வாங்கி, எப்போதும் இறுகாத பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள். ஒரு நுணுக்கம்: தாளின் கீழ் விளிம்பை உள்தகரத்தின் அடியில் உள்ள இடுக்கு வழியாகக் கதவுக்குள் செருகி விட வேண்டும், அப்போதுதான் தாளில் படும் சொட்டு கதவுக்குள்ளேயே விழும். அட்டையின் பக்கம் தொங்கவிட்டால் தாள் போட்டும் பிரயோசனம் இல்லை. கையோடு அடி ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள், வரும் மண்ணைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

ரூஃப் லைனிங் தலையில் இடிக்கிற அளவுக்குத் தொங்குகிறது. பசையை ஸ்ப்ரே பண்ணித் திரும்ப ஒட்டலாமா?

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். எழுபதுகளின் கடைசிக்கு அப்புறம் வந்த கார்களில் பெரும்பாலும் வார்த்த பலகையின் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச், அதன் மேல் துணி. தொங்குவதற்குக் காரணம் பசை விட்டுப்போனது இல்லை, நடுவில் இருக்கும் அந்த ஸ்பாஞ்ச் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து மாவாகிப் போனது. விரலால் தேய்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பொடி ஒட்டும். மாவின் மேல் எந்தப் பசையும் நிற்காது. பலகையை வெளியே எடுத்து, துணியை உரித்து, பொடி முழுவதையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகு, ஸ்பாஞ்ச் பின்னால் ஒட்டியே வரும் புதுத் துணியைப் போட வேண்டும். பலகையை மடக்கி வெளியே இழுக்காதீர்கள், நடுவில் முறியும். சீட்டைச் சாய்த்தோ கழற்றியோ பெரிய கதவு வழியாக எடுங்கள்.

குண்டூசி குத்தித் தொங்கவிடாமல் வைப்பது? ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு ஓகே.

என்னுடையது அதற்கும் பழசு. குறுக்கே கம்பிகள் போகின்றன. அது எப்படி?

அது இன்னும் பொறுமை கேட்கும் வேலை, செய்து முடித்தால் இதைவிட அழகு வேறு இல்லை. துணியின் பின்னால் தைத்த குழாய் மாதிரியான மடிப்புகளில் கம்பிகள் போகும், கம்பியின் முனைகள் கூரையின் ஓரத் தகரத்தில் உள்ள ஓட்டைகளில் நிற்கும். கம்பிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண் எழுதி டேப் சுற்றுங்கள், எந்த ஓட்டையில் நின்றது என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் ஒரு கம்பிக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டு, ஒரு மத்தியானம் முழுக்கச் சுருக்கம் ஏன் போகவில்லை என்று கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பல வண்டிகளில் லைனிங்கின் முன் பின் ஓரங்கள் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகும், அதனால் முன், பின் கண்ணாடிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புது லைனிங்கை வேலைக்கு முன் ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து வையுங்கள், மடிப்பு போகும், ரெக்சின் இளகும். நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, முதலில் நடுவில் முன்னும் பின்னும் இழுத்து கிளிப்பால் பிடித்து நிறுத்துங்கள், அப்புறம் நடுவிலிருந்து ஓரங்களுக்கு. பக்கங்கள் கடைசியில். எல்லாம் நேராக வரும்வரை பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மிச்சம் இருக்கும் சின்னச் சுருக்கங்களுக்கு ஆவி காட்டினால் போதும், முரட்டுத்தனமாக இழுத்தால் தையல் வளைந்துவிடும். கூடுதல் துணியை வெட்டுவது மறுநாள் காலையில்.

எந்தப் பசை நல்லது?

வெயிலில் நிற்கும் காரின் கூரைத்தகரம் தொட முடியாத அளவுக்குச் சுடும், சாதாரண ஸ்ப்ரே பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். அதிக வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் கான்டாக்ட் பசையாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், ஈரமாகச் சேர்த்தால் கொப்புளம் வரும். ஒருமுறை ஒட்டினால் நகர்த்த முடியாது, அதனால் நடுவில் மெழுகுத்தாள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அமுக்குங்கள்.

ரெக்சினுக்கு இன்னொரு சிக்கல். அது இளக்கமாக இருக்கக் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் மெல்ல வெளியே வரும். பழைய காரின் முன் கண்ணாடியில் உள்பக்கம் படியும் பிசுபிசுப்பு பெரும்பாலும் அதுதான், ரெக்சின் விறைத்து வெடிப்பதும் அதனால்தான். அந்தப் பொருள் சில பசைகளைக் கரைத்துவிடும். எனவே ரெக்சினுக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள். மழைநாளில் ஒட்டாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும்.

சீட் கவர் ரெடிமேடாக வாங்கினேன். மாட்டினால் தொளதொளவென்று இருக்கிறது?

கவர்மேல் பழி போடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். குஷன் அமுங்கிப் போயிருந்தால் எந்தக் கவரும் தொளதொளக்கும். அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரியான கார்களில் ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் பால் சேர்த்து அழுத்திய நார் மெத்தை இருக்கும், அது நொறுங்கித் தரையில் பழுப்புத் தூளாகக் கொட்டும். ஸ்பிரிங்குக்கும் மெத்தைக்கும் நடுவில் கட்டாயம் ஒரு சாக்குத்துணியோ கனமான ஃபெல்ட்டோ போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் புது ஸ்பாஞ்சைச் சில மாதங்களிலேயே அறுத்துவிடும். ஸ்பாஞ்சின் மேல் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு ஒரு அடுக்கு வைத்தால் கவர் நிறைந்து உட்காரும்.

பழைய கவரை இழுத்துப் பிடித்திருப்பவை ஹாக் ரிங் என்கிற சின்னக் கம்பி வளையங்கள். அவற்றை வெட்டி எடுங்கள், புதுசு போடுங்கள். ஆனால் கவரின் மடிப்புக்குள் ஓடும் நீளக் கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதுக் கவரோடு அவை வராது, அவை இல்லாமல் நடுவில் உள்ள பள்ளக் கோடுகள் வரவே வராது. மாட்டும்போது குஷனின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டால் கவர் வழுக்கிக்கொண்டு இறங்கும், நிலைக்கு வந்ததும் பையை உருவிவிடலாம். முதலில் மையம், அப்புறம் முன்விளிம்பின் மூலைகள். மூலையில் தையல் கோடு சரியாக மூலையின்மேல் வரவில்லை என்றால் மீதி எதுவும் சரியாக வராது.

தோலா, ரெக்சினா?

கம்பெனி எதைப் போட்டதோ அதை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ‘தோல் சீட்’ என்று சொன்னாலும் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டுமே தோலாக இருக்கும், பக்கவாட்டும் பின்பக்கமும் ரெக்சின். கழற்றிய துண்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பின்பக்கம் நெய்த துணி இருந்தால் ரெக்சின், ரோமம் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் தோல். சில மெர்சிடீஸ்களில் வந்த எம்பி-டெக்ஸ் ரெக்சின் நிஜத் தோலைவிட நாள் தாங்கும், அதைக் கழற்றிவிட்டுத் தோல் போடுவது எனக்கு என்னவோ ஒப்பவில்லை.

கார்பெட்டில் சீட் போல்ட்டுக்கு ஓட்டை போட டிரில் உபயோகிக்கலாமா?

கூடவே கூடாது. டிரில் நுனி ஒரு நூலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டால் கார்பெட்டின் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும், கதவிலிருந்து கதவு வரை. அடியிலிருந்து ஊசியால் குத்தி இடத்தைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் பழைய சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக் குத்துங்கள். செயற்கை நூலாக இருந்தால் ஓட்டையின் விளிம்பு உருகி அப்படியே கட்டிக்கொள்ளும், பிரியாது. கம்பளி கார்பெட் என்றால் சின்னதாகக் கத்தியால் கூட்டல் குறி வெட்டினால் போதும். வெட்டுவதற்கு முன் கார்பெட்டை ஒரு நாள் வண்டிக்குள்ளேயே விரித்து வைத்து உட்காரவிடுங்கள், தரையின் வளைவுக்கு அது தானாகவே இறங்கும்.

டேஷ்போர்டில் வெடிப்பு, மரப்பலகையில் வார்னிஷ் உரிகிறது. சரிசெய்ய முடியுமா?

டேஷ்போர்டு வெடிப்பை நிரப்பிப் பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் அதே இடத்தில் பிளக்கும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் சுருங்கித் தோலை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மேலே கவிழ்க்கும் மூடி போடலாம், ஒரிஜினல் கெடாது. முழுத் தோலும் மாற்றுவது அதற்கென்று அச்சு வைத்திருப்பவர்கள் செய்யும் வேலை, வீட்டில் வராது.

மரத்தில் பெரும்பாலும் கெட்டிருப்பது மேலே இருக்கும் லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரியான பூச்சு மட்டும்தான். அடியில் இருக்கும் வெனீர், அதாவது பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தாள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் வைத்துத் தேய்த்தால் நொடியில் அடிப்பலகை தெரியும். லாக்கரைக் கரைக்கும் திரவம் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள்.

நிறம் அப்படியே பொருந்துமா?

எதோடு பொருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெயில் பட்ட துண்டைச் சாம்பிளாகக் கொடுத்தால் மங்கிய நிறம்தான் வரும். எனக்கு அப்படி வந்தது, நான் கொடுத்த சாம்பிளில் தப்பு, தைத்தவர்மேல் கோபப்பட்டு என்ன பயன். ஆஷ்டிரேக்குப் பின்னால், சீட்டின் அடிமடிப்பில், கதவுப் பேனலின் விளிம்பு திரும்பும் இடத்தில் ஒரிஜினல் நிறம் ஒளிந்திருக்கும். அதை வெட்டிக் கொடுங்கள். வண்டியின் தகட்டில் உள்பக்க நிறத்துக்கான குறியீடு இருந்தால் அதையும் சேருங்கள். வந்த துணியைக் கடை விளக்கில் பார்க்காமல் வெளியே வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் பொருந்தும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியும்.

ஆபத்தான விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு. எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் கார்களும் இப்போது கிளாசிக் பட்டியலில் வந்துவிட்டன, அவற்றில் ஏர்பேக் இருக்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்காமல் ஸ்டீயரிங், டேஷ்போர்டு பக்கம் போகாதீர்கள், அந்த வயர்களில் மீட்டர் வைத்துப் பார்க்காதீர்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றினால் அதே போல்ட், அதே வாஷர் வரிசை, கையேட்டில் சொன்ன இறுக்கம். புதுக் கார்பெட்டின் கனம் போல்ட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மிகப் பழைய கார்களில் என்ஜின் பக்கச் சுவரில் ஒட்டிய தடுப்பு மெத்தையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. சந்தேகமாக இருந்தால் தேய்க்காதீர்கள், கிழிக்காதீர்கள், பரிசோதிக்கக் கொடுங்கள். துணி வாங்கும்போது அது கார் உபயோகத்துக்கானதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1972 முதல் காரின் உள்பக்கத் துணிகள் நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்று விதியே இருக்கிறது. வீட்டுச் சோஃபா துணி அழகாக இருக்கலாம், அதை இப்படிச் சோதித்திருப்பார்கள் என்று நம்ப முடியாது.

கழற்றிய பழசை எல்லாம் எப்போது தூக்கிப் போடலாம்?

புதுசு எல்லாம் மாட்டி, ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பிறகு. பழைய கவர்தான் அளவு, பழைய அட்டைதான் அச்சு, பழைய கார்பெட்டில்தான் ஓட்டை எங்கே என்று இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் திருகுகளையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி, அந்தப் பாகத்தோடேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். என் வீட்டுப் பரண்மேல் ஒரு செட் கிழிந்த டோர் பேனல் இன்னும் இருக்கிறது. போன வருஷம் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் வந்து, நாலு நாள் இரவல் வாங்கிப் போய் வரைந்துகொண்டு திருப்பிக் கொடுத்தார், இரண்டு கிளிப் அதிகமாகவே சேர்த்து.